சாண்டியாகோவில் இரண்டாவது வாய்

டிசம்பரில் சிலியில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. அதை நம்பி என் மனைவி கிரேஸ் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், ஒரு குரங்குக் குல்லா என்று பெட்டியில் திணித்து அனுப்பியிருந்தாள். சாண்டியாகோ விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் மே மாதம் நிற்பது போல வறட்டு வெயில். அந்த வெயிலில் சிவப்புக் கோட்டும் பஞ்சுத் தாடியுமாக ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வியர்த்து வழிந்தபடி மணி ஆட்டிக்கொண்டிருந்தார். பூமியின் அந்தப் பக்கம் டிசம்பர்தான் கோடை என்று பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். ஆனாலும் நேரில் பார்த்தபோது வாய் பிளந்து நின்றேன்.

"இன்னா சாலமன், அங்கயே நின்னுட்ட? சாம்பிள் பெட்டிய வெயில்ல வெக்காத, தோலு காஞ்சிடப் போவுது" என்றார் முனீர் பாய்.

முனீர் பாய் எங்கள் முதலாளியின் தம்பி. ஆம்பூரில் எங்கள் தொழிற்சாலையின் ஏற்றுமதி முழுவதும் அவர் கையில். நான் அங்கே தோலுக்குக் கடைசிப் பதம் கொடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை இது. சிலியின் வடக்கே ஒரு பாலைவனம் இருக்கிறது. மழை என்பதையே அறியாத ஊர்களாம். அங்கே சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு பூட்ஸ் செய்யும் கம்பெனி ஒன்று எங்களிடம் தோல் கேட்டிருந்தது. இரண்டு முறை சாம்பிள் அனுப்பினோம். இரண்டு முறையும் அந்த வறட்சியில் தோல் வெடித்துவிட்டது. மூன்றாவது சாம்பிளுக்கு எண்ணெய் ஊட்டியது முழுக்க என் கைப்பக்குவம். அதனால்தான் என்னையும் விமானத்தில் ஏற்றினார்கள்.

கிளம்பும்போது கிரேஸ் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "போற எடத்துல தண்ணிக்குப் பதிலா அதத்தான் குடிப்பாங்களாம். பாத்துக்கோங்க."

அவள் வேலூரில் நர்ஸ். குடித்துக் குடித்து ஈரல் வெந்துபோனவர்கள் படுத்திருக்கும் வார்டில் அவளுக்கு வேலை. என்னைப் பெண் பார்க்க வரச் சொன்ன அன்றைக்கே, எல்லோர் முன்னாலும் "நீங்க குடிப்பீங்களா?" என்று நேராகக் கேட்டவள். "எனக்கு அந்த வாடையே ஆகாது" என்றேன். பொய் இல்லை. என் அப்பா மரப்பட்டையில் தோல் பதனிடும் யார்டில் வேலை செய்தவர், குடித்தே செத்தவர். சபையில் முழு அங்கத்தினனாக நான் திடப்படுத்தல் எடுத்த ஞாயிறன்று, வெள்ளைச் சட்டையோடு சர்ச்சிலிருந்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே சாக்கடை ஓரம் அவர் வேட்டி அவிழ்ந்து கிடந்தார். ஊரே பார்த்தது. அவருடைய ரத்தம் எனக்குள் ஓடினாலும் அந்தச் சனியன் மட்டும் என்னிடம் வரவில்லை என்று இருபத்தைந்து வருஷமாக எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் கம்பெனிக்குப் போனோம். வாசலில் நின்ற செக்ரட்டரிப் பெண் "வாங்க, வாங்க" என்கிற மாதிரி ஏதோ ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வந்து, என் கன்னத்தில் கன்னம் வைத்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டாள். எனக்கு நெஞ்சு நின்றே போனது. அடுத்தது முனீர் பாய். மனுஷன் இரண்டு அடி பின்னால் எகிறி, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து சலாம் போட்டுத் தப்பித்தார். "இங்கே எல்லோருக்கும் இப்படித்தான் வணக்கம் சொல்வது" என்று சிரித்துக்கொண்டே வந்தார் எர்னான். அவர்தான் கம்பெனி முதலாளி, நாற்பது வயது, நல்ல ஆங்கிலம் பேசுவார். லிஃப்டில் ஏறியதும் பாய் என் காதில், "வீட்ல சொல்லிடாத, சாலமன். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார்.

சாம்பிளை வாங்கி சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். தோலை மடித்து மடித்து விரிக்கும் இயந்திரத்தில் அது நான்கு நாள் ஓட வேண்டும். வெடித்தால் நாங்கள் ஊருக்குப் போய்விடலாம். நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? ஊர் சுற்றினோம்.

பாயின் சாப்பாடுதான் பெரிய பேஜார். ஹலால் கறி எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. மீன், ரொட்டி, பழம் என்று நாளை ஓட்டினார். நான் தெருவோரம் எம்பனாடா என்று ஒன்று வாங்கித் தின்றேன். நம் கிறிஸ்துமஸ் சோமாசியை உள்ளங்கை அகலத்துக்குச் செய்து, உள்ளே கொத்துக்கறி, வெங்காயம், அரை முட்டை வைத்த மாதிரி. இனிப்பை எதிர்பார்த்துக் கடித்த வாயில் மாட்டுக்கறி வந்து விழுந்தது. அதிர்ச்சி தெளிந்ததும் இன்னும் இரண்டு தின்றேன். பாய் பக்கத்தில் நின்று வாழைப்பழம் உரித்துக்கொண்டு, "நல்லாருக்குதா?" என்று கேட்ட குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

இரண்டாம் நாள் சந்தைக்குப் போனோம். ஒரு கடையில் பழுப்பு நிறத்தில், விரல் தடிமனில், நீள நீளமாகத் தோல் வார் மாதிரி கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரு கட்டை எடுத்து வளைத்தேன், நகத்தால் கீறினேன், முகர்ந்தேன். "இன்னாத்துல பதம் போட்ருக்கான்? உப்பு ஜாஸ்தியா இருக்குது பாய்" என்றேன். பாயும் வாங்கி இழுத்துப் பார்த்தார். கடைக்கார அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு துண்டை ஒடித்துத் தன் வாயில் போட்டு மென்று காட்டினாள். கடல் பாசியாம். குழம்பு வைப்பார்களாம். பக்கத்துக் கடைக்காரன் ஏதோ சொல்ல, சந்தையே சிரித்தது. அங்கே நின்ற ஆங்கிலம் தெரிந்த ஒருத்தர் அதை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "செருப்புத் தைக்க வந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டைக் காட்டுகிறாயே!"

திரும்பும்போது பாதாள ரயிலில் கூட்டம். பாய் இறங்கிவிட்டார், நான் இறங்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு என்னமோ கத்தினார். ரயில் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாஸ்போர்ட், ஓட்டல் விலாசம் எல்லாம் அவர் பையில். கையில் வெங்காயப் பையோடு நின்ற ஒரு பெண்மணி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நிலையத்தில் என் முழங்கையைப் பிடித்து இறக்கி, எதிர் ரயிலில் ஏற்றி, தானும் கூட ஏறி, பாயிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். காட்பாடி ஜங்ஷனில் நான் யாருக்காவது இப்படிச் செய்திருக்கிறேனா என்று யோசித்தேன். செய்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, ஓட்டலில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது மேஜை ஆடியது. பிறகு தரை ஆடியது. மேலே விளக்கு ஊஞ்சலாடியது. "இயேசுவே!" என்று நான் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டேன். பாய் கலிமா சொல்லிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். காபி ஊற்றிக்கொண்டிருந்த பணிப்பெண் ஊற்றுவதை நிறுத்தி, கோப்பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆட்டம் நின்றதும் மீண்டும் ஊற்றினாள். "இது சின்னது ஐயா. சர்க்கரை வேண்டுமா?" என்று குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த என்னிடம் கேட்டாள்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு எர்னான் எங்களைக் கூப்பிட்டார். சோதனை முடிந்த தோலை மேஜைமேல் வைத்தார். நான் வாங்கி மடித்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழைக் கீறல்கூட இல்லை. எர்னான் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். பாய் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "சாலமன், நீதான்டா கெலிச்ச" என்று என்னைக் கட்டிக்கொண்டார். பதினேழு வருஷத்தில் அவர் என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மதியம் என் அக்கா வீட்டில் விருந்து. அவள் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறாள், ஒயின் செய்கிறாள். நம் வெற்றிக்கு ஒரு பாட்டில் திறக்க வேண்டும்" என்றார் எர்னான்.

காரில் போகும்போது பாய் உருதுவும் தமிழும் கலந்து எனக்கு ஓதினார். "எனக்குத் தொட முடியாது, அது அவங்களுக்கே தெரியும். ஆனா ரெண்டு பேரும் வேணாம்னா மரியாதை இல்ல. நீ கிறிஸ்டியன்தானே? உங்க சர்ச்சுலயே ஒயின் குடுக்குறாங்கல்ல? ஒரு வாய் வெச்சு, நல்லாருக்குதுன்னு சொல்லிடு."

"பாய், எங்க சர்ச்சுல குடுக்குறது திராட்சையை வேகவெச்சு வடிகட்டுன சாறு. கொழந்த கூட குடிக்கும்" என்றேன்.

"அத நெனச்சுக்கிட்டே குடி" என்றார்.

எர்னானின் அக்கா பெயர் இசபெல். என் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நகக்கண்ணெல்லாம் ஊதாக் கறை. எங்கள் சாயப் பிரிவில் வேலை செய்பவர்களின் கை அப்படித்தான் இருக்கும். வரிசை வரிசையாக மரப் பீப்பாய்கள் அடுக்கிய ஒரு குளிர்ந்த கிடங்குக்குள் எங்களைக் கூட்டிப்போனாள். ஒரு பெண் சாராயத் தொழில் செய்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. நம் ஊரில் என்றால் போலீஸ்தான் வரும்.

"இது போன வருஷத்துப் பழம். இன்னும் சின்னப் பிள்ளை. பத்து வருஷம் படுத்திருந்தால்தான் இதற்குப் பக்குவம் வரும். ஆனால் இன்றைக்கு நீங்கள் ஜெயித்திருக்கிறீர்கள், அதனால் திறக்கிறேன்" என்று இசபெல் சொன்னதை எர்னான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினாள். நாவல் பழத்தைக் கசக்கிய நிறம். விளிம்பில் மட்டும் கத்தரிப்பூ நிறம்.

பாய் கண்ணால் சாடை காட்டினார். கிரேஸின் முகம் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தேன்.

ஐயோ! ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது, நாக்கு சுருண்டது, கன்னம் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த ருசி அது! பேரணாம்பட்டில் நான் தொழில் கற்ற யார்டில், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறும் குழித் தண்ணியில் விரலை விட்டு, நாக்கில் வைத்துத்தான் பதம் பார்ப்போம். துவர்ப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, தோலை இன்னும் எத்தனை நாள் உள்ளே போட வேண்டும் என்று நாக்குதான் சொல்லும். பார்த்ததும் துப்பிவிட வேண்டும். அது பல வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தில், நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால், இசபெலின் கிடங்குத் தரையில் 'தூ' என்று துப்பிவிட்டேன்.

"யா அல்லா! ஆர்டர் போச்சு" என்றார் பாய், தமிழில்.

இசபெல் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "முதலிலேயே சொல்லக் கூடாதா? ஒயினைப் பற்றித் தெரிந்தவர்கள்தான் ருசி பார்த்துத் துப்புவார்கள். என்ன கண்டுபிடித்தீர்கள், சொல்லுங்கள்!"

எனக்குத் தலை சுற்றியது. இவர்களும் துப்புவார்களாம்! எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "துவர்ப்பு ஜாஸ்தி. ஆனால் நல்ல துவர்ப்பு, பட்டை வாசனை இருக்கிறது. எங்கள் குழியாக இருந்தால் இப்போது தோலை உள்ளே விட மாட்டேன், மேலே மட்டும் பிடித்து உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். காத்திருக்க வேண்டும்." எர்னான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, இசபெல் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தோலைக் காப்பாற்றும் அதே துவர்ப்புதான் இந்த ஒயினையும் பத்து வருஷம் காப்பாற்றப் போகிறது என்றாள். பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கிரேஸுக்குச் சொன்ன வார்த்தையும் பிழைத்தது, ஆர்டரும் பிழைத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேஜை கொடிப் பந்தலின் கீழே போட்டிருந்தது. பாய்க்குத் தனியாக மீனும் பழச்சாறும். எனக்கு ஆட்டுக்கறி, பக்கத்தில் அதே ஒயினில் ஒரு கிண்ணம். எர்னானும் பாயும் கப்பல் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள். இசபெல் அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை. யாரும் குடி என்று சொல்லவில்லை.

துப்பி அரை மணி நேரம் ஆகியும் அந்த ருசி வாயை விட்டுப் போகவில்லை. துவர்ப்பு அடங்கி, அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று மெதுவாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. பழுத்த நாவல், ஈர மரம், லேசான புகை. அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. தெரிந்துகொள்ளத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்தேன். குடித்தேன். விழுங்கினேன். தொண்டையிலிருந்து நெஞ்சு வரை ஒரு சூடு இறங்கியது. தோள்பட்டையில் ஐந்து நாளாக இருந்த இறுக்கம் விட்டது. இவ்வளவு நல்லாயிருக்குமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று தோன்றியது.

அடுத்த வாய்க்குக் கை தானாகப் போனது. கிண்ணம் உதட்டருகே வந்தபோதுதான் என் கையைப் பார்த்தேன். நான்கு விரலும் கிண்ணத்தைச் சுற்றிப் பிடித்திருந்தன, சுண்டு விரல் மட்டும் அடியில் மடங்கித் தாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் டம்ளரை அப்படிப் பிடித்தவர் ஒரே ஒருத்தர். காபி டம்ளரை நான் ஒரு நாளும் அப்படிப் பிடித்ததில்லை.

கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து தோட்டத்துக்குள் நடந்தேன். கொடி வரிசையின் கோடிக்குப் போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். முனீர் பாய் பின்னாலேயே வந்தார்.

"தபியத் சரியில்லயா சாலமன்? நான்தான் உன்ன குடிக்கச் சொன்னேன், குத்தம் என்னோடது. மாஃப் கரோ" என்றார்.

"நீங்க சொன்னது மொத வாய் பாய். அதத் துப்பிட்டேன். ரெண்டாவது வாய் நானா குடிச்சேன்" என்றேன். "எங்கப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். ஆம்பூர்ல தெரியாதவன் யாரு?" என்றார். என் பக்கத்தில் அதே மண்ணில், வெள்ளை ஜிப்பாவோடு, எர்னான் தேடி வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

விடைபெறும்போது இசபெல் ஒரு பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தாள். மறுக்க எனக்குத் தெம்பு இல்லை. ஸ்வெட்டருக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஸ்வெட்டருக்கு அந்த ஒரு பயன்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். பிள்ளைகள் கேரல் பாட்டு பழகப் போயிருந்தார்கள். கிரேஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துப்பியது, விழுங்கியது, சுண்டு விரல். சொல்லி முடித்து, பாட்டிலையும் எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். அடிப்பாள், அழுவாள், அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"தெறங்க" என்றாள்.

"இன்னா?"

"தெறங்கன்றேன்."

தக்கையை எடுக்க நம் வீட்டில் கருவி ஏது? கரண்டிக் காம்பால் குத்தி உள்ளே தள்ளினேன். மேஜையெல்லாம் தெறித்தது. அவளே டம்ளரில் ஊற்றினாள், அவளே எடுத்தாள். கிரேஸ், ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்லும் கிரேஸ், ஒரு வாய் நிறைய வைத்தாள். அடுத்த நொடி சமையலறைத் தொட்டிக்கு ஓடித் துப்பினாள்.

"ஐயய்யே! கடுக்காய்க் கஷாயமாட்டம் இருக்குது! நாக்கெல்லாம் புடிச்சு இழுக்குது. இதையாங்க ரெண்டாவது வாய் குடிச்சீங்க? நெசமாவா?"

டம்ளரிலிருந்து வாசனை என் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஈர மரம், நாவல் பழம். வாயில் எச்சில் ஊறியது.

"எனக்குப் புடிச்சிருக்குது கிரேஸ்" என்றேன். "இப்பவும் வேணும்போல இருக்குது."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வார்டில் புதிதாக வந்து படுப்பவனை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"இவ்ளோ நாளு நீங்க குடிக்காம இருந்தது ஒன்னும் பெருசில்லங்க. புடிக்கல, குடிக்கல. நான்தான் அத நம்பி நிம்மதியா இருந்துட்டேன்" என்றாள். "இனிமேதான் நெசமாவே குடிக்காம இருக்கப் போறீங்க."

பாட்டிலை என் கையில் கொடுத்தாள். நானே தொட்டியில் கவிழ்த்தேன். அது காலியாகும் வரை அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு தொழில் விஷயமாக எத்தனையோ விருந்துகளுக்குப் போய்விட்டேன். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில், வெளிநாட்டு வியாபாரி ஒருவர் சிவப்பு ஒயின் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். பக்கத்தில் இருந்த முனீர் பாய் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, "அவருக்கு அது புடிக்காது சார்" என்று முந்திக்கொண்டார்.

"புடிக்கும் பாய்" என்றேன். "ரொம்பப் புடிக்கும். அதனாலதான் வேணாம்."